கிரெனோபிள், பின்னிரவுப் பணி

நியூட்ரானுக்கு அலுமினியம் கண்ணாடி,
தண்ணீர்தான் சுவர்.
திரையில் தபால்தலை அளவுக்கு ஒரு தாள்:
கரி இழைகள் குறுக்கும் நெடுக்குமாக,
நீர் ஒட்டாதிருக்க டெஃப்லான் பூசியது.

மாரிவோன் மூன்றாவது காப்பியை மறந்துவிட்டாள்.
லோயிக் வோல்ட் சொல்கிறான்:
புள்ளி ஆறு எட்டு. புள்ளி ஆறு ஏழு.

ஹைட்ரஜன் வந்த வழி வேறு,
ஆக்சிஜன் வந்த வழி வேறு.
சந்தித்த இடத்தில் கொஞ்சம் மின்சாரம்,
கொஞ்சம் ஈரம்.
மின்சாரத்துக்குக் கம்பி உண்டு.
ஈரம் நிற்கிறது.

சின்னத் துளை எதுவும் அதை விடுவதில்லை.
பின்னால் நெருக்குகிறது புதிதாய்ப் பிறந்த நீர்.
நெருக்குகிறது.
நான் கண்சிமிட்டிய நேரத்தில்
இருப்பதிலேயே அகன்ற துளைக்கு
ஒரே தாவல்.

"போய்விட்டது."
"எவ்வளவு தூரம்?"
"அரை மயிரிழை."

காய்ந்தால் சவ்வு வெடிக்கும், நனைந்தால் மூச்சு முட்டும்.
போன அறிக்கையில் இதைச் சமநிலை என்று எழுதியவன் நான்.

புள்ளி நான்கு ஒன்று.
வெள்ளம்.
லோயிக் காற்றைக் கூட்டுகிறான்;
நிழல் ஒன்று உருண்டு, தயங்கி,
வாய்க்காலில் விழுந்து ஓடுகிறது.
புள்ளி ஆறு ஆறு.
யாரும் கைதட்டவில்லை. இன்னும் நாற்பது படங்கள்.

வெளியே ஈசேர் ஆறு
ஆல்ப்ஸ் பனி கரைந்த நீரோடு
யாரையும் கேட்காமல் போகிறது.
மாரிவோன் ஆறிய காப்பியில்
சர்க்கரைக் கட்டியின் ஒரு முனையை நனைத்து,
பழுப்பு ஏறுவதைப் பார்க்கிறாள்.
தடையே இல்லை. முழங்கால், இடுப்பு, கழுத்து.

"இதற்குத் தண்ணீரைப் பிடிக்கும்" என்கிறாள்.
விரலிடுக்கில் அது உதிர,
துடைக்காத கையால்
அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்துகிறாள்.