குடைச் சின்னம்

என் சுவர் நீளமானது.
சிம்போத்தே ஊருக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரம்,
லாரிக்காரர்கள் பஞ்சர் ஒட்ட நிறுத்தும் இடத்தில்
நாற்பதடிச் செங்கல், என் பெயரில் பட்டா.
அதனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை
நான் முக்கியமானவள்.

பெயிண்ட் வாளியோடு பையன்கள் வருவார்கள்.
"சென்யோரா நெலிடா, நாட்டின் எதிர்காலத்துக்காக."
எதிர்காலத்துக்கு வாடகை எண்பது சோல்,
இரண்டு கிலோ சர்க்கரை,
வேட்பாளர் முகம் அச்சடித்த ஏப்ரன் ஒன்று.
நல்ல துணி அது.
கிரீஸ் துடைத்துத் துடைத்து மூக்கு போய்விட்டது,
சிரிப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

போன மாத வெயிலில் பெயிண்ட் உரிந்தது.
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
குடைக்குக் கீழே ஏணி.
ஏணிக்குக் கீழே கெட்டில்.
கெட்டிலுக்குக் கீழே மறுபடியும் குடை,
அதே குடை, வேறு பெயர்.
அடியில் எங்கோ என் செங்கல் இருக்க வேண்டும்.
பயமாக இருந்தது. கீறுவதை நிறுத்திவிட்டேன்.

மழையே பெய்யாத ஊர் இது.
மீன்மாவு ஆலைப் புகைதான் எங்களுக்கு மேகம்.
இங்கே வந்து குடையைக் காட்டி ஓட்டுக் கேட்டவர்களைப் பார்த்து
முதலில் சிரிக்கத்தான் செய்தோம்.
பிறகு ஒரு மார்ச்சில் கடல் சூடேறி
வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.
பாலம் போயிற்று. பாலத்தோடு
எவாரிஸ்தோவின் கோழி வண்டியும் போயிற்று.
அவர் நீந்தி வந்தார். கோழிகள் வரவில்லை.
குடைக்காரர் ரப்பர் பூட்ஸோடு வந்து
இடிந்த இடத்தில் படம் எடுத்துக்கொண்டார்.
அடுத்து ஜெயித்த கெட்டில்காரர் அடிக்கல் நாட்டினார்.
ஏணிக்காரர் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே
இன்னும் பெரிய கல்லாக ஒன்று நாட்டினார்.
இரண்டுக்கும் நடுவே பலகை போட்டால்
ஓர் ஆடு தாண்டலாம்.

தொலைக்காட்சி விவாதத்தில்
மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திருடன் என்றார்கள்.
அந்த ஒரு விஷயத்தில் மூவரையும் நம்பினேன்.

சாயங்காலம் பாட்டு வண்டி வரும், கும்பியா மெட்டில்.
மகள் மிலுஸ்கா யாருக்கும் போடமாட்டேன் என்கிறாள்,
பாத்திரம் கழுவும்போது மூன்று கட்சிப் பாட்டையும் பாடுகிறாள்.
நானும்தான். வெட்கமாக இருக்கிறது.

போகாமலே இருந்துவிடலாமே என்பீர்கள்.
அபராதம் உண்டு. கட்டாவிட்டால்
வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்
அடையாள அட்டையைத் திருப்பித் தள்ளுவாள்.
நம்பாமல் இருப்பதற்கும்
இங்கே கட்டணம்.

இந்தமுறை குலுக்கலில் என் பெயர் விழுந்தது.
வாழ்நாளில் எனக்கு விழுந்த ஒரே சீட்டு,
வாக்குச்சாவடி மேசையில் உட்கார.
பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு,
முழங்கால் இடிக்கிற குட்டி நாற்காலி.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் கிடந்தது.
அந்த அறையில் அன்று நம்பத் தகுந்தது அதுதான்.

மாலையில் எண்ணினோம்.
குடை. குடை. ஏணி. வெற்று. கெட்டில். வெற்று.
ஒரு தாள் முழுக்கக் கெட்ட வார்த்தை, எழுத்துப் பிழையோடு.
ஒன்றில் பூனை. நன்றாகவே வரைந்திருந்தது.
பிறகு நூற்று நாற்பத்து மூன்றாவது.
கட்டங்களுக்கு வெளியே, ஓரமாக,
தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தி:
'எத்தனை கோழி என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.
அறுபத்திரண்டு.'

மேசைத் தலைவன், கல்லூரிப் பையன், எட்டிப் பார்த்தான்.
"செல்லாது, சென்யோரா. செல்லாது என்று சத்தமாகச் சொல்லுங்கள்."
விதி அப்படி.
செல்லாது என்றேன்.
முகவர்கள் கோடு போட்டுக்கொண்டார்கள்.
எனக்குத் தாளை மடிக்க வரவில்லை.
"அறுபத்திரண்டு" என்றேன்.
குடைக்கட்சியின் முகவர் பேனாவோடு நிமிர்ந்தார்:
"எந்தக் கட்சிக்கு?"