வெறும் கடல்

மொஸ்கெனெஸிலிருந்து பூடோ வரை
மூன்றேகால் மணி நேரம் என்கிறது அட்டவணை.
தென்மேற்குக் காற்று எழும்பிய நாளில்
அது எத்தனை மணி நேரம் என்று
என் வாளியைக் கேளுங்கள்.

பதினோரு வருடமாய் இந்தக் கப்பலில்
துடைப்பவள் நான், ராக்ன்ஃபிரிட்.
மற்றவர்கள் டிக்கெட் பார்ப்பார்கள்.
நான் முகம் பார்ப்பேன்.

சொல்லிவிட்டுத்தான் வரும் அது.
முதலில் கொட்டாவி.
பிறகு பேச்சு நிற்கும்.
மேலுதட்டில் வியர்வை பொடிக்கும்.
வாயில் நீர் ஊறும், விழுங்குவார்கள்,
மறுபடி ஊறும், மறுபடி விழுங்குவார்கள்.
பையை விரித்து நீட்டினால்
"எனக்கொன்றுமில்லை" என்பார்கள்.
அந்தச் சொல்லின் கடைசி எழுத்து
பைக்குள் விழும்.

மேசை அசையவில்லை என்கிறது கண்.
எல்லாம் அசைகிறது என்கிறது காது.
இரண்டு சாட்சிகளுக்கு நடுவே
வயிறு, பாவம்,
கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறது.

ஃபோனை மூடுங்கள் என்பேன்.
கப்பலின் இடுப்புக்கு வாருங்கள், கீழ்த்தளத்துக்கு,
அங்கேதான் ஆட்டம் கம்மி.
ஜன்னலுக்கு வெளியே
அசையாத எதையாவது பாருங்கள்,
ஒரு மலை போதும்.
எடுத்து முடித்ததும் மடக்மடக்கென்று குடிக்காதீர்கள்,
வந்த வழியே திரும்பிவிடும்.
பத்து நிமிடம் பொறுத்து ஒரு மிடறு.
தங்கினால் இன்னொன்று.
காய்ந்த ரொட்டியில் ஒரு விள்ளல்.
பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் நாளைக்கும் கிடைக்கும்.

பிள்ளையைத் திட்டும் அப்பாக்களிடம் மட்டும்
ஒன்றும் சொல்வதில்லை.
அடுத்த அலை சொல்லும்.

மார்ச் மாதம், காட் மீன் காலம்.
பின்வரிசையில் ஓட்லைஃப்.
நாற்பத்திரண்டு வருடம் வலை இழுத்தவர்.
தொப்பியால் மறைத்துக்கொண்டு எடுத்தார்.
"கரையேறி ரெண்டு வருஷம்தானே ஆச்சு,
அதுக்குள்ள மறந்துடுச்சா கடல் உன்னை?"
முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரிக்கப் பார்த்தார்.
உதட்டில் நிறமில்லை.

பையை வாங்கினேன்.
காப்பி வடிகட்டியபின் மிஞ்சும் சக்கை,
அப்படியே.

காப்பி குடித்தீர்களா?
"காலையிலிருந்து எதுவும் இறங்கலை."
மாத்திரை ஏதாவது?
"முதுகுவலிக்கு. மூணு வாரமா.
எண்ணிப் போடலை."
வெளிக்குப் போனது?
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
"தார்" என்றார்.

மேல்தளத்துக்கு ஓடினேன்.
இன்று எல்லோரும்தானே எடுக்கிறார்கள்
என்றார் கேப்டன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
பையை அவர் முன் திறந்து வைத்தேன்.
கடல் இந்த நிறத்தில்
எதையும் திருப்பித் தருவதில்லை.

ரேடியோவை எடுத்தார்.

இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் வராது.
இன்னும் ஒரு மணி பத்து நிமிடம்.
ஒருக்களித்துப் படுக்க வை,
போர்த்து, பேச்சுக் கொடு,
வாய்வழி எதுவும் கூடாது என்றது
கரையிலிருந்து ஒரு டாக்டர் குரல்.

தண்ணீர் கேட்டார்.
ஊருக்கெல்லாம் ஒரு மிடறு சொல்கிற நான்
இல்லை என்றேன்.
மறுபடி கேட்டார்.
ஈரத்துணியால் உதட்டைத் தொட்டேன்.
துணியைக் கவ்விக்கொண்டார்.
பிடுங்கினேன்.
என் வேலையில் நான் செய்த
மிக மோசமான காரியம் அது,
சரியான காரியமும்.

பூடோவில் நீல விளக்கு சுழன்றது.
தூக்கிப் போனார்கள்.
பதினாறு இருக்கைகள் மிச்சமிருந்தன.
துடைத்தேன்.

மே மாதம் அதே பின்வரிசை.
கோட்டு தோளில் தொங்கியது,
ஆளில் பாதிதான் உள்ளே.
நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை.
வெஸ்ட் ஃபியோர்டின் நடுவே
ஒரு கொட்டாவி விட்டார்.
பையை நீட்டினேன்.
"எனக்கொன்று..."

பிறகு இரண்டு பேரும்
பைக்குள் எட்டிப் பார்த்தோம்,
பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.
மஞ்சள். உருளைக்கிழங்கு. கொஞ்சம் கேரட்.

"வெறும் கடல்தான்" என்றேன்.
"ஆமா" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு,
"சனியன்."