ஓடுபாதையில் தண்ணீர்

பெரியகுளத்துக்கு நேற்று ராத்திரி தண்ணீர் வந்துவிட்டது.
என் ஓடுபாதை
முழங்கால் ஆழத்தில் கிடக்கிறது.

மிச்ச எரிபொருளை வாசலிலேயே ஓட்டித் தீர்த்தேன்.
மெத்தனால் ஈரம் குடிக்கும்,
விட்டுவைத்தால் பேரிங்கைத் தின்றுவிடும்.
என் கையெல்லாம்
புகையோடு விளக்கெண்ணெய் கக்கிவிட்டு நின்றது எஞ்சின்.
பிளக்கைக் கழற்றி
நாலு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு
விசிறியை விரலால் சுற்றினேன்.

"ஊரே சிரிக்கி,
நீரு என்னவே துட்டிவீட்டுக்காரன் மாதிரி?"
சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுப் போனார் மந்திரமூர்த்தி.

இதே குளத்து மூணாம் மடையில்
எனக்கும் முக்கால் ஏக்கர் உண்டு.
ஆனாலும் புரட்டாசி முழுக்க
மேற்கே மலை கறுக்கும்போதெல்லாம்
இன்னும் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு
என்று கேட்டவன் நான்.
யாரிடம் கேட்டேன், தெரியாது.

பாலிதீன் கூடாது, உள்ளே வேர்க்கும்.
பழைய வேட்டித் துணியில் சுற்றி
பிஸ்கட் டின்னில் வைத்தேன்.
பக்கத்தில் வறுத்த அரிசி ஒரு முடிச்சு.
மூடும் முன் மனசு கேட்கவில்லை.
பிரித்து, பிளக்கை மாட்டி, இன்னொரு சுற்று.
பிஸ்டன் உச்சியில் முட்டி
விரலைத் திருப்பித் தள்ளியது.
சரி. கிட, பிசானம் அறுக்கும் வரை.

விடிந்ததும் நாற்றுப் பாவப் போனோம்.
நான் அள்ளிக் கொடுத்த விதையை
மூக்கருகே கொண்டுபோனாள் வேலம்மா:
"நெல்லுல என்ன, வெளக்கெண்ண வாடை?"