வலப்பக்கக் கதவு

அருமனையில் எங்கள் வீட்டைச் சுற்றி
முன்னூற்றுப் பதினேழு ரப்பர் மூடு.
ஷீட் அடித்து, புகைப்புரையில் காயப்போட்டு,
கிலோ விலை இன்றைக்கு ஏறுமா என்று
பத்திரிகை பார்க்கிற ஆள் நான்.
அந்த நான்தான்
ஒன்றரை மீட்டர் ரப்பர் பீடிங்குக்கு
இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பினேன்.
சுங்க வரி தனி.
ரோஸ்லெட் ரசீதைப் பார்த்தாள்,
ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தாள்,
சாயா ஆறுது என்றாள்.

அறுபத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி.
இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு,
பச்சை என்று சொல்லலாம், மழை பெய்தால்.
பழைய பீடிங் கருவாடு மாதிரி இறுகி
தொட்ட இடமெல்லாம் ஒடிந்தது.
காடியைச் சுரண்டினேன்:
துரு, செம்மண், ஒரு எறும்புக் குடும்பம்,
எவனோ ஒட்டிய பசையின் மேல்
வேறெவனோ ஒட்டிய பசை.

முதல் நாள் கதவைக் கழற்றினேன்,
உள் அட்டை, கைப்பிடி, கண்ணாடி இறக்கும் திருகு.
இரண்டாம் நாள் கிளிப்புகள்.
எட்டு வந்தது, எட்டும் வேண்டும்.
விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே
மூன்று, கதவின் வயிற்றுக்குள் விழுந்தன.
ஒவ்வொன்றும் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது.
காந்தத்தை நூலில் கட்டி
கிணற்றில் வாளி தேடுவதுபோல் தேடினேன்.
இரண்டு வந்தது.

மூன்றாம் நாள்
சோப்பு வெள்ளம் தடவி, வெயிலில் இளக்கி,
சுற்றிலும் இழுத்துப் பொருத்தினேன்.
முனையும் முனையும் முத்தமிட்டன.
ராத்திரி டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்தேன்.
காலையில் நடுவே
கட்டைவிரல் நகம் அளவு வெளிச்சம்.

குழித்துறை சோபிதராஜுக்கு போன் போட்டேன்.
'இழுத்தீரா?'
'இழுத்தேன்.'
'அது ராத்திரியோட ராத்திரியா
பழைய அளவுக்குப் போயிரும் சாரே.
தள்ளித் தள்ளிக் கேற்றும்.
ஒரு விரக்கடை கூட விட்டு முறியும்.'
முப்பது வருஷம் ரப்பரோடு கிடக்கிறேன்,
போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் தள்ளினேன்.
தள்ளத் தள்ள அது உட்கார்ந்தது,
கொழுத்த அட்டை மாதிரி.
'ரோஸ்லெட், நீ உள்ள இரி.
டார்ச்சப் பிடிச்சுக்க. எங்க ஒழுகுதுன்னு பாரு.'
கதவைச் சாத்தினேன்.
சாத்தின சத்தமே வேறாக இருந்தது:
டப் இல்லை, தம்.

ஹோஸ் எடுக்கும் முன்னே
பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்து
மலையே சரிந்ததுபோல் மழை.
கண்ணாடியில் வெள்ளம் வழிய
உள்ளே அவள் வாய் அசைந்தது.
ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு நல்ல பீடிங்.
மறுபடி அசைத்தாள். கையை வீசினாள்.
'தொறக்கல' என்றுதான் படித்தேன்.

கைப்பிடி?
பெஞ்சில்.
கண்ணாடித் திருகு?
என் சட்டைப் பையில்.
வெளிப் பூட்டின் கம்பி?
காணாமல் போன கிளிப்போடு, கதவுக்குள்.

தட்டை ஸ்குரூ டிரைவரைச் செருகி
நெம்பினேன்.
நாலு நாள் வேலை
பாம்புத் தோலாக உரிந்து தோளில் விழுந்தது.
சந்தில் கம்பியை விட்டு
'பயப்படாத, பயப்படாத' என்று
மழையோடு கத்திக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கக் கதவைத் திறந்து
ரோஸ்லெட் இறங்கி வந்தாள்.
அந்தக் காருக்கு அப்படி ஒரு கதவு உண்டு.
நாலு நாளாக
எனக்கு ஒரு கதவுதான் உலகம்.

சுற்றி வந்து பக்கத்தில் நின்றாள்,
முடி முதல் செருப்பு வரை நனைந்து.
'ஒரு சொட்டு வரலன்னுதானே
அத்தற நேரமா சொல்லிட்டிருந்தேன்.'

பிறகு என் தோளில் தொங்கியதைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
உள்ளங்கையை விரித்தாள்.
'இது சீட்டுக்கு அடியில கிடந்துது.'

எட்டாவது கிளிப்.