ஒற்றைக் கொடி

காக்கைதீவில், புல் முளைத்திருப்பதாக
நாங்கள் மட்டும் சொல்லிக்கொள்ளும் மணலில்
ஞாயிறுதோறும் நான்கு பிவிசி குழாய் நடுவோம்.
நடுவே நெட்டை இரண்டு, ஓரத்தில் கட்டை இரண்டு.
போகிறவர்கள் கேட்பார்கள்:
பந்தலா? கல்யாணமா, செத்த வீடா?

பந்து முட்டை வடிவம்.
மெல்பனில் ஏழு வருடம் மீன் பொதிசெய்து
திருப்பி அனுப்பப்பட்ட மனோரதன்
பெட்டியில் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.
நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் எழும்பும் என்று
அதற்கே தெரியாது.
அதனால்தான் எங்களுக்குப் பிடித்தது.
அந்த வருடங்களில் இந்த ஊரில் மற்றதெல்லாம்
விழப்போகும் திசை
முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நெட்டைகளுக்கு நடுவே உதைத்தால் ஆறு புள்ளி.
நடுவைத் தவறவிட்டு அருகால் போனால் ஒன்று.
தவறியதற்கும் கூலி தருகிற விளையாட்டு!
பதினாறு வருடம் அந்தக் கூலியில்தான் பிழைத்தோம்.

மாசியில் நிஸ்தார் கடையில்
மனோரதனின் முழங்கால், துவான் ஜாயாவின் தோள்பட்டை,
என் இடுப்பு
மூன்றும் ஒரே வாங்கில் அமர்ந்து கூட்டம் நடத்தின.
மூன்று வருடமாகக் கடைசி இடம்.
ஒன்பது பேரில் ஆறு பேருக்கு நாற்பது நெருங்குகிறது.
"ஒவ்வொரு ஆளா விடுவம்" என்றான் ஜாயா.
"பல்லுப் புடுங்கவா போறம்? ஒரேயடியா விடுவம்"
என்றது நான்தான்.
முதல் கோடு என் பெயர்மேல்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி அடித்தேன்.
பிளேன்டீக்கு யார் காசு கொடுத்தது என்று
இன்றுவரை தகராறு.

நிற்கத் தெரிந்தவனுக்குக் கோல் அம்பயர் வேலை கிடைத்தது.
மைத்துனனின் பார்மஸி வெள்ளைக் கோட்,
ஒரு தலையணை உறையைக் கிழித்து இரண்டு கொடி.
ஆறுக்கு இரண்டையும் ஆட்ட வேண்டும்.
ஒன்றுக்கு ஒன்று.

நீர்கொழும்பு அணி வேனில் வந்து இறங்கியது.
எங்கள் பொடியன்கள் பந்தைத் துரத்தினார்கள்,
பந்து வேறெங்கோ போனது.
என் இருபத்திரண்டாம் இலக்கம்
அக்கீலின் முதுகில் காற்றடித்து ஊதியிருந்தது,
உள்ளே இன்னோர் ஆளுக்கு இடம்விட்டு.
பாதி நேரத்தில் எங்கள் கணக்கு எட்டு.
எட்டும் தவறியவை.
எட்டுத் தடவை
ஒரு கை மட்டும் வலித்தது எனக்கு.

கடைசி நிமிடங்கள்.
துறைமுகப் பக்கக் காற்றைக் கிழித்து
அக்கீல் உதைத்தது வந்தது,
பின்புறமாகச் சுழன்று, அழகாக,
நான் ஒருநாளும் உதைத்திராத உதை.
கரையில் எல்லோரும் எழும்பிக் கத்தினார்கள்.
குழாயடியில் நின்ற எனக்குக் கேட்டது:
டொக்.
கிளாசில் நகம் பட்ட அளவு.
அலைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிராது.
குழாயில் பட்டால் ஒன்றுதான்.
இரண்டு கையும் உயரப் பார்த்தன.

ஒன்றை உயர்த்தினேன்.

"நீ எந்தப் பக்கத்து ஆள்ரா?"
கோட்டுக்கு வெளியிலிருந்து மனோரதன்.
ஒன்பதுக்கு எழுபத்துமூன்று.
அந்த ஐந்து புள்ளியால் எதுவும் மாறியிருக்காது;
அதை யோசித்தா கொடி பிடிப்பது?

எல்லோரும் கொத்து சாப்பிடப் போனபின்
குழாய்களைப் பிடுங்கினேன்.
மூன்று மணலில் கிடக்க
நாலாவதில் கை வைத்தபோது
பந்தோடு வந்து நின்றான்.
போன வருடம்வரை அண்ணே என்றவன்.
"தொட்டிச்சா, அங்கிள்?"
"தொட்டது."
முகத்தைப் பார்த்தான். நம்பினானா, தெரியவில்லை.
"அதப் புடுங்க வேணாம்."
அடி அடியாக எண்ணிக்கொண்டு
அதே இடத்துக்குப் போனான்.

ஒன்று. கடலுக்குள் ஓடி எடுத்துவந்தான்.
இரண்டு. மூன்று. ஒரு காகம் எழும்பிப் போனது.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் விளக்கு வந்தது.
நான் கோட்டைக் கழற்றவில்லை.
ஏழாவது உதையில்
டொக்.

அங்கிருந்தபடியே தலையைச் சரித்துக் கேட்டான்.
பிறகு பந்தை எடுக்கப் போனான்.

கிடந்த மூன்றில் நெட்டையைத் தூக்கி
பழைய குழியிலேயே இறக்கினேன்.