இரண்டாம் குப்பியை நன்றாகக் குலுக்கவும்

பகலில் துவாஸில்
கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலையில் வேலை.
இரவில் பூன் லே வீட்டில்
குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலக்கிறேன்,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
மேலாளருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

தொட்டி இருநூறு லிட்டர்.
இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துறவி நண்டு,
எண்ணி முடியாத நத்தைகள்,
உயிருள்ள கல் என்று சொல்லி
கிலோ கணக்கில் லிம் விற்ற
பொத்தல் பாறை.

ஞாயிறுதோறும் சோதனை.
கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர்,
முதல் குப்பியிலிருந்து பத்துச் சொட்டு.
இரண்டாம் குப்பியைக்
கை வலிக்கக் குலுக்க வேண்டும்.
இல்லையென்றால் சரக்கு அடியில் உறைந்து கிடக்க
மேலே தெளிந்தது மட்டும் சொட்டும்;
நிறம் பொய் சொல்லும்.
பிறகு ஐந்து நிமிடம் காத்திருப்பு.
மஞ்சள் என்றால் சரி.
ஆரஞ்சும் சிவப்பும்
குழல்விளக்கில் ஒன்றுபோல் இருக்கும்,
தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய்ப்
பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன்.
எதிர்வீட்டு ரோஸ்னா
மருத்துவப் பரிசோதனையா என்று ஒருமுறை பயந்தாள்.

நாட்காட்டியில் மார்ச் முழுக்க ஐந்து.
ஏப்ரல் முதல் ஞாயிறு பத்து.
பிறகு இருபது.
பிறகு நாற்பது.

செத்த நத்தை இருக்குமோ என்று மணலைக் கிளறினேன்.
இல்லை.
குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன், என் ஆலை மேல் சந்தேகப்பட்டு.
சுத்தம்.
ஐந்தில் ஒரு பங்கை வாளியில் இறைத்து ஊற்றினேன்,
நாற்பது முப்பத்திரண்டு ஆக வேண்டும்,
ஆனது.
அடுத்த ஞாயிறு மறுபடி நாற்பது.

தின்றது கழிவாகும்,
கழிவு அம்மோனியா ஆகும்.
அதை நைட்ரைட் ஆக்க
பாறைக்குள் ஒரு கூட்டம் குடியிருக்கிறது.
நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம்.
அதற்கப்புறம் எடுத்துப்போக ஆளில்லை.
தங்கும்.
தண்ணீர் பளிங்கு மாதிரியே இருக்கும்.

அப்படியானால் உள்ளே ஏதோ போகிறது.
தீனி டப்பாவை ஆட்டிப் பார்த்தேன்.
இரண்டு மாதத்துக்கு வாங்கியது
மூன்றே வாரத்தில் கலகலத்தது.

அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது
நீல விளக்கில் என் தம்பி.
சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி,
மடியில் டப்பா,
ஒரு சிட்டிகை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சிட்டிகை.
"பசிக்கிற மாதிரியே பாக்குதுக்கா."

கப்பல் பட்டறையில் ஆள் குறைத்தபிறகு
எங்கள் சாமான் அறையில் தங்கியிருக்கிறான்.
காலையில் கேட்டால்
நல்லாத் தூங்கினேன் என்பான்.
நாட்காட்டியில் இருந்தது
அவன் தூங்காத கணக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
போய்ப் படுத்துக்கொண்டேன்.
மறுநாள் இன்னொரு டப்பா வாங்கி வைத்தேன்,
அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

மே மாதம் இருபதானது.
பிறகு ஐந்து.
ஒரு ஞாயிறு,
எலுமிச்சைத் தோல் மஞ்சள்: பூஜ்யம்.
கணவரிடம் சொன்னேன், தேறிவிட்டான் போலிருக்கிறது என்று.
மீனையா சொல்றே என்றார்.

அடுத்த நாள் பம்பைக் கழுவத்
தொட்டியின் பின்னால் கைவிட்டேன்.
சுவர்ப்பக்கக் கண்ணாடி முழுக்க,
பாறையின் முதுகு முழுக்க,
விரல் நீளத்துக்குப் பச்சை முடி.
நைட்ரேட்டைத் தின்று தின்று
தலைமுடிபோல் தழைத்த பாசி.
புது டப்பா பாதி காலி.
நாங்கள் துடைப்பது
முன்பக்கக் கண்ணாடியை மட்டும்.

பூஜ்யத்தை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இந்த ஞாயிறு அருள்தாஸைக் கூப்பிட்டேன்.
இரண்டாம் குப்பியைக் கையில் கொடுத்தேன்.
"எவ்வளவு நேரம் குலுக்கணும்?"
"கை வலிக்கிற வரைக்கும்."

குலுக்கினான்.
அரை நிமிடம் ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று.
கீழே இருநூற்று நாற்பத்திரண்டாம் எண் பேருந்து
நின்று, மூச்சு விட்டு, போனது.
அவன் நிறுத்தவில்லை.
போதும் என்று
நானும் சொல்லவில்லை.