புரோட்டஸ்ட் கட்டணம்

லீக்கில் மிச்சம் என்று என்னிடம் இருப்பது:
ஒரு பிஸ்கட் டின், அதில் இருபத்தைந்து ரூபாய்,
ஒரு ரசீதுப் புத்தகம், கோணியில் சுற்றிய பந்து.
என்னைப் பொருளாளராகப் போட்டது
கணக்குத் தெரியும் என்பதற்காக இல்லை.
எங்கள் வீட்டு பீரோவுக்குத்தான் பூட்டு இருந்தது.

அறுபத்து நாலில் ஆறு அணி.
எழுபத்து இரண்டில் பதினொன்று, அதுதான் உச்சம்.
பரவை, பசுமலை, திருமங்கலத்து லாரி செட்,
ரயில்வே காலனியில் இரண்டு
(லோகோ ஷெட் ஒன்று, லோகோ ஷெட்டோடு பேசாதவர்கள் ஒன்று).
சோழவந்தான்காரர்கள் பாசஞ்சரில் வருவார்கள்.
வண்டி லேட் என்றால் எதிரணிக்கு இரண்டு பாயிண்ட்.
அப்படித்தான் ஒரு வருஷம் விளக்குத்தூண் அணி
ஐந்தே கோல் போட்டு மூன்றாம் இடம் வந்தது.

மகால் வடம்போக்கித் தெருச் சாயக்காரர்கள்
தொட்டியிலிருந்து நேரே மைதானத்துக்கு வருவார்கள்.
அவர்களுக்கு ஹேண்ட்பால் கொடுக்க ரெஃபரி தேவையில்லை,
பந்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ரெஃபரி ஞானாபரணத்தின் வாட்ச்
பாதி சீசன் அடகில் இருக்கும்.
மில் மைதானத்தில் அதனால் குறை ஒன்றும் வந்ததில்லை.
ஐந்தரைக்குச் சங்கு ஊதும், ஆட்டம் முடிந்தது.
விதிப் புத்தகத்தில் இது இல்லை.

எண்பத்து மூன்று. கடைசி ஆட்டம்,
மில்லுக்கு டிரா போதும், சாயக்காரர்கள் ஜெயிக்க வேண்டும்.
ஒன்றுக்கு ஒன்று.
புகைபோக்கியின் நிழல் சென்டர் கோட்டைத் தாண்டிவிட்டது,
சங்கு ஊதவில்லை.
முதலில் திரும்பியது மில் பேக் சவரிராயன்.
பிறகு கோலி. பிறகு வேலியோரத்து ஜனம்,
ஞானாபரணம், கொடியைப் பிடித்தபடி நான்.
எல்லோரும் அண்ணாந்து
மில்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது
பந்து வலைக்குள் கிடந்தது.
பக்கத்தில் துளசிராம், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

பந்தைத் திருப்பினோம்.
ஊதா விரல் அஞ்சு.
"நான் இன்னிக்கிப் பச்சைத் தொட்டி" என்றான் துளசிராம்.
காட்டினான், பச்சைதான்.
ஊதாத் தொட்டி அவன் அண்ணன் சாந்தாராம்,
த்ரோ எறிந்ததெல்லாம் அவன்.
பந்தில் பச்சையும் இருந்ததா என்றால்
இருந்தது.
மில் தண்ணீர் கசிந்து கார்னர் பக்கம்
கொஞ்சம் புல்லும் இருந்தது.

மில் கேப்டன் பாக்கியநாதன் புரோட்டஸ்ட் எழுதினார்.
காரணம் ஒன்று, கை. காரணம் இரண்டு, சங்கு.
ஒரு காரணத்துக்குத்தான் இருபத்தைந்து, என்றேன் நான்.
ரெண்டுன்னா ஐம்பது. விதி.
அதற்குள் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது,
படித்துவிட்டு வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள்,
எங்களைப் பார்க்காமல்.
பதினோரு பேர் சட்டைப் பையையும் உதறி
இருபத்தைந்து தேறியது, பாதி சில்லறை.
பாக்கியநாதன் பேனாவை வாங்கிச்
சங்கை அடித்தார்.

விசாரணைக் கமிட்டி மூன்று முறை கூடியது.
முதல் முறை நாலு பேர், கோரம் இல்லை.
அப்புறம் இரண்டு பேர்.
அப்புறம் நானும் ஒரு டீயும்.
மில் ஆட்கள் திருப்பூர் போனார்கள்,
சவரிராயன் எங்கே என்று அவர் வீட்டிலேயே தெரியாது.
லீக்கை யாரும் கலைக்கவில்லை.
கலைக்கவும் கோரம் வேண்டும்.

போன தையில் மாட்டுத்தாவணி ஏ.டி.எம். வாசலில்
நீலச் சட்டையில் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார்.
மறுநாள் டின்னோடு போனேன்.
"ஜெயிச்சிட்டமா?"
தெரியல, என்றேன்.
"அப்ப எப்பிடிங்க வாங்குறது."

ரசீது எண் 214. தீர்ப்பு என்ற கட்டம் காலி.
ஒரு தடவை பென்சிலில் எழுதினேன், அழித்தேன்.
கோணியை அவிழ்த்தால் பந்து முழுக்க ஒரே நிறம்,
பழம்புளி மாதிரி.
என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.
அடுத்தவர் காசு.